நிறுத்திவைத்த வரிசை

அந்த மருத்துவமனையில் அவருடைய பெயரைத் தெரிந்தவர்கள் சம்பளப் பட்டியல் போடும் பிரிவில் இரண்டு பேர் இருந்தால் அதிகம். மற்ற எல்லாருக்கும் அவர் போஸ்ட்மாஸ்டர். பதினெட்டு வருடத்துக்கு முன்னால் கெட்டுப்போன கம்ப்யூட்டர்களைப் பழுது பார்க்க வந்தவரை, "நீங்க சும்மாதானே இருக்கீங்க, இதையும் கொஞ்சம் பாத்துக்குங்க" என்று மெயில் சர்வர் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். அன்றோடு அவர் சும்மா இருப்பது முடிந்தது.

அவருடைய அறை கீழ்த்தளத்தில், துணி வெளுக்கும் இடத்துக்கும் ஆக்சிஜன் சிலிண்டர் அடுக்கும் இடத்துக்கும் நடுவில் இருந்தது. ஜன்னல் கிடையாது. ஏசி மட்டும் இரவு பகலாக ஓடும், அவருக்காக அல்ல, மெஷினுக்காக. வருடம் முழுவதும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வேலை செய்கிற ஒரே மனிதர் அந்தக் கட்டடத்தில் அவர்தான். "அந்த மெஷினுக்கு வேர்க்கக் கூடாதுன்னு உங்களை வெறைக்க வைக்கிறாங்களே, இது எந்த ஊர் நியாயம்?" என்று அவர் மனைவி கேட்பாள். அவர் சிரித்துவிட்டு மப்ளரையும் எடுத்துச் சுற்றிக்கொண்டு கிளம்புவார்.

மெயில் என்றால் பட்டனைத் தட்டியதும் பறந்துபோய் விழுகிறது என்றுதான் நாமெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படி எதுவும் பறப்பதில்லை. வருகிற மெயிலை சர்வர் வாங்கி ஒரு வரிசையில் நிற்க வைக்கும். ஃபில்டர் என்கிற இன்னொரு புரோகிராம் ஒவ்வொன்றாக அழைத்து, பிரித்துப் படித்து, இணைத்திருக்கும் ஃபைலைச் சோதித்துப் பார்க்கும். தேறியதை இரண்டாவது வரிசையில் சேர்க்கும். அங்கிருந்துதான் டாக்டருடைய பெட்டிக்கோ, கணக்குப் பிரிவின் பெட்டிக்கோ போகும். ஃபில்டர் மூச்சு முட்டி நின்றுவிட்டால் முதல் வரிசையில் கூட்டம் சேரும். சர்வர் கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடி தட்டிப் பார்க்கும், மறுபடி பொறுக்கும். அதற்கு இருக்கிற பொறுமை நமக்குக் கிடையாது.

வாசலிலேயே நிறுத்திச் சோதித்து, பிடிக்காததை அங்கேயே திருப்பி அனுப்பும் முறையும் உண்டு. அதில் ஒரு நல்லது, திருப்பிய விஷயம் அனுப்பியவருக்கு உடனே தெரிந்துவிடும். ஆனால் சோதனை முடியும்வரை வருகிறவர்கள் எல்லாரும் வாசலில் காத்து நிற்க வேண்டும். காலை எட்டு மணிக்கு ஆயிரம் மெயில் ஒன்றாக வந்தால் பாதி காத்திருந்து பார்த்துவிட்டுப் போய்விடும். அதனால் போஸ்ட்மாஸ்டர், முதலில் வாங்கிக்கொள்வது, பிறகு பிரித்துப் பார்ப்பது என்று வைத்திருந்தார். வாங்கிய நொடியே எதிர்ப்பக்கத்து சர்வருக்கு, 'பெற்றுக்கொண்டேன், வரிசையில் வைத்துவிட்டேன்' என்று பதில் போய்விடும். அத்தோடு அவர்கள் வேலை முடிந்தது.

"வாங்கிட்டேன்னு சொல்லிட்டா அப்புறம் அது நம்ம பொறுப்பு," என்பார் அவர். மீட்டிங்கில் இதைச் சொல்லும்போது பலர் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர் அதற்காகச் சொல்வதை நிறுத்தியதில்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு வினை நடந்தது. பழகிய மருந்துக் கம்பெனியின் பெயரில், பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிய ஃபைல் ஒன்று வந்தது. ஃபில்டரால் பூட்டைத் திறந்து உள்ளே பார்க்க முடியவில்லை, விட்டுவிட்டது. எக்ஸ்ரே பிரிவில் யாரோ திறந்தார்கள், உள்ளிருந்த வைரஸ் எல்லாக் கம்ப்யூட்டரையும் முடக்கிப்போட்டது. நான்கு நாள் மருத்துவமனை முழுவதும் காகிதத்தில் எழுதிக்கொண்டு அலைந்தது. அதற்குப் பிறகு நிர்வாகம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது: பூட்டிய ஃபைல் எது வந்தாலும், யார் அனுப்பினாலும், நிறுத்திவை. இப்படி மூன்றாவதாக ஒரு வரிசை உண்டானது. அதில் விழுந்த மெயில் தானாக நகராது. வந்து விழுந்ததென்று அனுப்பியவருக்கும் தெரியாது, வர வேண்டியவருக்கும் தெரியாது. போஸ்ட்மாஸ்டர் ஒருவருக்குத்தான் தெரியும்.

சங்கடம் என்னவென்றால், சதைத் துணுக்கைச் சோதித்துச் சொல்லும் வெளி லேப் ஒன்று இருந்தது. நோயாளியின் விஷயம் வெளியே போகக் கூடாதென்று அவர்கள் ரிப்போர்ட்டைப் பூட்டித்தான் அனுப்புவார்கள். "இவங்களுக்கு மட்டும் விலக்குக் கொடுங்க" என்று போஸ்ட்மாஸ்டர் நிர்வாகத்துக்கு இரண்டு முறை எழுதிக் கேட்டார். "போன தடவையும் தெரிஞ்ச பேர்லதானே வந்துச்சு?" என்று கேட்டு மறுத்தார்கள். அதுவும் நியாயம்தான், என்ன சொல்ல முடியும்? ஆகவே தினமும் காலையில், டீ கூடக் குடிக்காமல், நிறுத்திவைத்த வரிசையைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்து, சரியானதைத் தன் கையால் விடுவிப்பார். கோடு போட்ட நோட்டில் அனுப்பியவர் பெயரை எழுதி டிக் போடுவார். மூன்று வருடமாக ஒரு நாள் தவறியதில்லை. ஞாயிறு மட்டும் லீவு.

அந்தத் திங்கட்கிழமை அவர் வந்தபோது ஃபில்டர் விழுந்து கிடந்தது. முதல் வரிசையில் ஆயிரத்து எண்ணூறு மெயில். ஒவ்வொரு பிரிவிலிருந்தும் போன். "என்ன போஸ்ட்மாஸ்டர், தூங்கிட்டீங்களா?" என்று ஒருவர், "உங்க பெட்டியைத் தூக்கிப் போடுங்க" என்று இன்னொருவர். ஃபில்டரை எழுப்பி, தேங்கி நின்றதையெல்லாம் வரிசையின் தொடக்கத்துக்கு அனுப்பி, புதிதாக வந்தது போல மறுபடி உள்ளே வரச் செய்தார். அதற்கு ஒரு கட்டளை உண்டு. ஒரு மணி நேரம் அதையே தட்டிக்கொண்டிருந்தார். பத்து மணிக்குத்தான் நிறுத்திவைத்த வரிசைக்கு வந்தார். பதினொரு மெயில் இருந்தது. பதினொன்றையும் திறந்து பார்த்தார், சரியானவைதான். விடுவித்தார்.

இங்கேதான் கை பழக்கத்தில் போய்விட்டது. நிறுத்திவைத்ததை விடுவிக்க வேறு கட்டளை. அது மெயிலை நின்ற இடத்திலிருந்து முன்னால் தள்ளும். அவர் தட்டியதோ காலையிலிருந்து தட்டிக்கொண்டிருந்த அதே கட்டளை. பதினொன்றும் வரிசையின் தொடக்கத்துக்குப் போய், புது எண் வாங்கிக்கொண்டு, மறுபடி ஃபில்டரிடம் வந்தன. பூட்டிய ஃபைல் என்று ஃபில்டர் மறுபடி பிடித்து, அதே இடத்தில் கொண்டுவந்து நிறுத்தியது. அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது, பாவம்.

நோட்டில் பதினொரு டிக் விழுந்திருந்தது.

மறுநாள் காலை அந்த வரிசையில் அதே அனுப்புநர்களைப் பார்த்தார். லேப் பெயரும் இருந்தது. அந்த லேப்புக்கு ஒரு பழக்கம் உண்டு, எதற்கும் இருக்கட்டும் என்று சில ரிப்போர்ட்டை இரண்டு முறை அனுப்புவார்கள். நோட்டைப் புரட்டினார், நேற்றே டிக் போட்டிருக்கிறது. 'இரட்டை' என்று எழுதி அதை அப்படியே விட்டார். இரட்டைகள் ஒரு மாதம் கிடந்து தானாக அழிந்துபோகும். மற்ற பத்து மெயிலுக்கு உரியவர்கள் ஒவ்வொருவராகப் போன் செய்து, "இன்னும் வரலையே" என்று சத்தம் போட்டு வாங்கிக்கொண்டார்கள். அப்போதும் அவருக்கு உறைக்கவில்லை. ஃபில்டர் இன்னும் தள்ளாடுகிறது என்று நினைத்துக்கொண்டார். லேப் ரிப்போர்ட்டைக் கேட்டுத்தான் யாரும் போன் செய்யவில்லை.

பத்தொன்பதாவது நாள், சனிக்கிழமை, கட்டிகளைப் பார்க்கும் பிரிவின் கிளார்க் பேசினாள். "அண்ணே, லேப்ல அனுப்பிட்டோம்னு சத்தியம் பண்றாங்க. தேதி கூடச் சொல்றாங்க. கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன்."

தேதியைக் கேட்டதும் நோட்டைப் புரட்டினார். லாக்கைத் திறந்தார். சர்வர் தன் ஒவ்வொரு அசைவையும் வரி வரியாக எழுதி வைக்கும் குறிப்பு அது. 'பெற்றுக்கொண்டேன்.' 'நிறுத்திவைத்தேன்.' பத்து மணி ஏழு நிமிடத்துக்கு அவருடைய கட்டளை. அதற்கு அடுத்த நொடி, புது எண்ணோடு, மறுபடி 'நிறுத்திவைத்தேன்'. வரிசையைப் பார்த்தார், மேலிருந்து இரண்டாவதாக இருந்தது. இரண்டு ஞாயிறு போக, பதினேழு காலை அதைக் கண்ணால் பார்த்துத் தாண்டிப் போயிருக்கிறார். சரியான கட்டளையைத் தட்டினார். இரண்டு நொடியில் போய்ச் சேர்ந்துவிட்டது. "வந்துடுச்சுண்ணே, தேங்க்ஸ்" என்று கிளார்க் போனை வைத்தாள்.

யாருடைய ரிப்போர்ட் என்று கேட்டிருக்க வேண்டியதில்லை. மனம் கேட்கவில்லை, செவ்வாய்க்கிழமை மேலே போய்க் கேட்டார். ஒரு தையல்கார அம்மா, ஐம்பத்திரண்டு வயது, மார்பில் கட்டி. அன்று காலைதான் அட்மிட் ஆகியிருந்தாள். டாக்டர் அவருக்குத் தெரிந்தவர்தான், பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று மாதம் ஒருமுறை கீழே வந்து நிற்கிறவர்.

"வேகமா வளர்ற ரகம். அக்குள் வரைக்கும் போயிருக்கு," என்றார் டாக்டர். "அன்னிக்கே வந்திருந்தா முதல்ல ஆபரேஷன் பண்ணியிருப்பேன். இப்ப மருந்து கொடுத்து சுருங்குதான்னு பாக்கணும்."

"அந்தப் பத்தொன்பது நாள்ல வித்தியாசம் வந்திருக்குமா சார்?"

"வந்திருக்கலாம். வராமயும் இருந்திருக்கலாம். யாராலயும் சொல்ல முடியாது. ஏன் கேக்கறீங்க?"

அவர் தலையை ஆட்டிவிட்டுக் கிளம்பினார்.

வார்டைத் தாண்டித்தான் படிக்கட்டுக்குப் போக வேண்டும். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே ஒரு பெண் குரல், அழுகையும் கோபமுமாக.

"லேட்டானா நீதானே விசாரிச்சிருக்கணும்? மூணே மூணு தடவை போன் பண்ணிட்டு சும்மா உக்காந்திருக்கே! கவுன்டர்ல என்னைப் பாத்துக் கேக்கறாங்க, 'ஏம்மா, இவ்வளவு நாள் கண்டுக்காம விட்டீங்க'ன்னு. நான் என்ன பதில் சொல்றது? உனக்கு ஸ்கூல் யூனிஃபார்ம்தான் பெரிசு. நானூறு யூனிஃபார்ம். உன் உசிரு அப்புறம்தான்."

"வரலைன்னு சொன்னாங்கடி. வந்தா கூப்பிடுறோம்னு சொன்னாங்க."

"சொன்னா? நேர்ல வந்து நிக்க வேண்டியதுதானே? அப்பா போனப்பவும் இப்படித்தான் அசட்டையா இருந்தே. என்னை யாருமில்லாம ஆக்கிட்டுப் போகணும், அதானே உனக்கு?"

தையல்கார அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். போஸ்ட்மாஸ்டர் கதவுக்கு வெளியே நின்றார். உள்ளே போய் ஒரு வார்த்தை சொன்னால் போதும். போகவில்லை. பயம்தான், வேறென்ன? படியிறங்கி வந்து ஸ்வெட்டரோடு உட்கார்ந்து நடுங்கினார்.

அன்று வீட்டில் சாப்பாட்டை அளைந்துகொண்டே இருந்தார். மனைவி இரண்டு முறை பார்த்தாள், மூன்றாவது முறை தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "என்னன்னு சொல்லிட்டுச் சாப்பிடுங்க." சொன்னார். ஒன்று விடாமல் சொன்னார். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"வேலை போயிடுமா?"

"போகலாம்."

"சொன்னா அந்தம்மாவுக்கு உடம்பு சரியாயிடுமா?"

"ஆகாது."

"அப்போ எதுக்குச் சொல்லணும்னு துடிக்கறீங்க?"

"அந்தப் பொண்ணு அம்மாவைத் திட்டுதும்மா. நான் பண்ணதுக்கு அந்தம்மா வாங்கிக் கட்டிக்கிறாங்க. அவங்களுக்கே தன் மேலதான் தப்புன்னு தோணிடுச்சு. ஒண்ணும் பேசல, தலையைக் குனிஞ்சுகிட்டு இருந்தாங்க."

மனைவி தட்டை அவர் பக்கம் திருப்பித் தள்ளினாள். "அப்போ போய்ச் சொல்லிட்டு வாங்க. வேலையைப் பத்தி அப்புறம் பாத்துக்கலாம். இந்தக் குளிர்லேர்ந்தாவது தப்பிப்பீங்க." சொல்லிவிட்டு அவளே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை நிர்வாக மேலாளரிடம் போனார். மேலாளர் கெட்டவர் இல்லை. மூன்று வருடத்துக்கு முன் அந்த நான்கு நாளும் இவரோடு கீழ்த்தளத்திலேயே படுத்துக் கிடந்தவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"வேணும்னா செஞ்சீங்க? இல்லல்ல?"

"இல்ல சார்."

"லாக் எத்தனை நாள் இருக்கும்?"

"முப்பது நாள். அப்புறம் தானா அழிஞ்சிடும். இன்னும் ஆறு நாள் இருக்கு."

"அப்போ விடுங்க. நான் உங்களைப் பொய் சொல்லச் சொல்லல. யாராவது கேட்டா உண்மையைச் சொல்லுங்க. கேக்காத வரைக்கும் நாமளா எதுக்குப் போய்த் தலையைக் கொடுக்கணும்? ஃபைல்ல 'ரிப்போர்ட் தாமதமாகக் கிடைத்தது'ன்னுதான் இருக்கு. அது பொய்யில்லையே."

பொய்யில்லைதான். போஸ்ட்மாஸ்டருக்கு அதைக் கேட்டு ஒரு கணம் அப்பாடா என்று இருந்தது. அப்படி இருந்ததை நினைத்து அன்று முழுவதும் அவருக்குத் தன் மேலேயே எரிச்சல். மாலையில் லாக்கின் அந்தப் பக்கங்களை அச்செடுத்தார். தன் கட்டளை விழுந்த வரிக்கு அடியில் பேனாவால் கோடு போட்டார். பக்கத்துப் பிரிவில் எவனாவது இப்படிச் செய்திருந்தால் இவரே மூன்று நாள் திட்டியிருப்பார், அது அவருக்கு நன்றாகவே தெரியும். நடந்ததைக் கையால் ஒரு பக்கத்துக்கு எழுதி, அச்செடுத்ததைச் சேர்த்துப் பின் அடித்து, வெள்ளிக்கிழமை காலை மேலாளர் மேசையில் வைத்தார். மேலாளர் படித்துப் பார்த்துவிட்டு, "உங்களை என்ன சொல்றதுன்னே தெரியல" என்றார்.

பிறகு நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன், வேலை என்னாயிற்று என்று நீங்கள் கேட்பீர்கள். விசாரணை வைத்தார்கள். லேப் ரிப்போர்ட்டுக்கு விலக்குக் கொடுத்தார்கள், அவர் இரண்டு முறை எழுதிக் கேட்டும் அவர்கள் மறுத்த அதே விலக்கு. நிறுத்திவைத்த மெயில் பற்றி உரியவருக்கு உடனே தகவல் போகும்படி செய்தார்கள். அவரைச் சர்வரை விட்டு எடுத்து, பழைய கம்ப்யூட்டர்கள் வைக்கும் அறைக்கு மாற்றினார்கள். சம்பளத்தில் ஒரு படி குறைந்தது. அவர் எதையும் எதிர்த்து எழுதவில்லை. ஆனால் அந்த வெள்ளிக்கிழமை அவருக்கு இதெல்லாம் தெரியாது. காகிதத்தைக் கொடுத்துவிட்டு நேராக வார்டுக்குப் படியேறினார்.

தையல்கார அம்மா தனியாக இருந்தாள். கையில் மருந்து ஏறிக்கொண்டிருந்தது. மெலிந்த கை, ஆள்காட்டி விரல் நுனி ஊசி குத்திக் குத்திச் சொரசொரப்பாகியிருந்தது. இவர் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்து, "டெஸ்ட்டுக்கா? காலையிலதான் ரத்தம் எடுத்தாங்களே" என்றாள்.

"இல்லம்மா. நான் கீழே மெயில் பாக்கற ஆள். உங்க ரிப்போர்ட் லேப்லேர்ந்து லேட்டா வரல. அன்னிக்கே வந்துடுச்சு. நான்தான் விடாம வச்சிருந்தேன்."

அவளுக்குப் புரியவில்லை. அவர் ஃபில்டரையும் வரிசையையும் சொல்லத் தொடங்கி, பாதியில் அதெல்லாம் தனக்குச் சாக்குத் தேடுவது போல இருக்கிறதென்று நிறுத்தினார். மறுபடி சொன்னார். "வர்றதைப் பிரிச்சுப் பாத்து டாக்டருக்கு அனுப்ப வேண்டியது என் வேலை. அனுப்பறதா நினைச்சுத் தப்பான கட்டளையைக் கொடுத்துட்டேன். அது திரும்ப என்கிட்டயே வந்து நின்னுச்சு. ஏற்கெனவே அனுப்பினதோட இன்னொரு காப்பின்னு நினைச்சு விட்டுட்டேன்."

"அப்போ நான் போன் பண்ணப்போ?"

"இங்கதான் இருந்துச்சு. இந்தக் கட்டடத்துலயே."

"நீங்க பாத்தீங்களா அதை?"

"தினமும் பாத்தேம்மா."

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடிப்பாள், கத்துவாள், நர்ஸைக் கூப்பிடுவாள் என்று அவர் என்னென்னவோ நினைத்துக்கொண்டு வந்திருந்தார். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் மட்டும் கொஞ்சம் குலுங்கியது. பிறகு திரும்பினாள்.

"எம் பொண்ணு மருந்து வாங்கப் போயிருக்கா. இப்ப வந்துடுவா. உக்காருங்க."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். மகள் கையால் அடி வாங்க வேண்டியிருக்கிறது போலும் என்று நினைத்தார், அதுவும் சரிதான் என்றே தோன்றியது. இருவரும் மருந்து சொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அரை மணி நேரம் போல இருந்தது, கடிகாரத்தில் எட்டு நிமிடம்தான் ஆகியிருந்தது.

மகள் மருந்துப் பையோடு வந்தாள். யாரிவர் என்பது போல அம்மாவைப் பார்த்தாள்.

"இப்ப எங்கிட்ட சொன்னீங்கல்ல," என்றாள் அம்மா, "அதை இவகிட்ட இன்னொரு தடவை சொல்லுங்க. ஒண்ணும் விடாம சொல்லுங்க."

அவர் எழுந்து நின்று சொன்னார். முதல் தடவையைவிட இது கஷ்டமாக இருந்தது. 'தினமும் பார்த்தேன்' என்பதையும் விடாமல் சொல்லி முடித்தார். மகள் பையைக் கீழே வைக்காமலே நின்றாள். முகத்தில் ரத்தம் ஏறியது. அவர் பக்கமே அவள் திரும்பவில்லை. அம்மாவைத்தான் பார்த்தாள்.

"என்னை மன்னிச்சு..." என்று அவர் தொடங்கினார்.

"அது இப்ப வேண்டாம்," என்றாள் தையல்கார அம்மா. "அதுக்காக நான் உங்களை உக்கார வைக்கல. இவ கேக்கணும்னுதான் வச்சேன். கேட்டுட்டா. நீங்க போகலாம்."

அவர் வெளியே வந்து கதவைச் சாத்தினார். உள்ளே பை கீழே விழும் சத்தமும், "அம்மா, அம்மா" என்று மகள் வெடித்து அழும் சத்தமும் கேட்டன. "சரி விடு, சரி விடுடி, உனக்கு எப்படித் தெரியும்" என்று அம்மா அவளைத் தேற்றிக்கொண்டிருந்தாள்.